அடுத்த அறை

மாஸ் எஃபெக்ட் ஆடியவர்கள் கதையில் யார் யார் செத்தார்கள் என்பதை மறந்திருக்கலாம், லிஃப்டை மறந்திருக்கமாட்டார்கள். 2007இல் வந்த அந்த ஆட்டத்தில் விண்மீனுக்கு விண்மீன் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவுகிற கப்பல்கள் உண்டு. ஆனால் அந்த நாகரிகத்துக்கு உருப்படியாக ஒரு லிஃப்ட் செய்யத் தெரியவில்லை. ஏறி நின்றால் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். கூட வருகிற இருவரும் ஒப்புக்கு எதையாவது பேசிக்கொள்வார்கள். ஒலிபெருக்கியில் யாரோ செய்தி வாசிப்பார்கள். நாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

1996இன் ரெசிடெண்ட் ஈவிலில் லிஃப்டுக்குப் பதில் கதவு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போதெல்லாம் திரை இருண்டு, நடுவில் ஒரு கதவு மட்டும் முனகிக்கொண்டே திறக்கும். 2018இன் காட் ஆஃப் வாரில், தெய்வங்களையே கொன்று தீர்த்த கிராடோஸ், மகனையும் அழைத்துக்கொண்டு பாறை இடுக்குகளில் உடம்பை ஒடுக்கி, பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து போகிறான். மூன்று இடத்திலும் காரணம் ஒன்றேதான். அடுத்த அறை இன்னும் வந்து சேரவில்லை. வட்டிலிருந்தோ வன்தட்டிலிருந்தோ அது ரேமுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏறுவதற்கு இடம் வேண்டுமே என்று, நாம் விட்டுவந்த அறை அழிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. லிஃப்டுக்குள் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், நம் முதுகுக்குப் பின்னால் உலகம் இல்லை. முன்னாலும் இன்னும் இல்லை.

விமர்சகர்கள் இந்த லிஃப்டுகளைக் கிண்டல் செய்து தீர்த்துவிட்டார்கள். எனக்கென்னவோ ஒரு கேமின் மிகச் சுவாரஸ்யமான கட்டடக்கலை அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. மற்ற மண்டபங்களையும் கோபுரங்களையும் ஓவியர்கள் தங்கள் விருப்பப்படி வரைந்தார்கள். இந்த இடுக்கை வரைந்தது நினைவகத்தின் அளவு.

இதில் நேரம் எவ்வளவு இறுக்கமானது என்பதைச் சொல்லியாகவேண்டும். நொடிக்கு 60 படங்கள் காட்டும் ஒரு கேமுக்கு ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் விளையாடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பார்க்கவேண்டும், எதிரிகள் முடிவெடுக்கவேண்டும், எறிந்த பொருள் எங்கே விழும் என்று கணக்கிடவேண்டும், ஒலி கலக்கவேண்டும், கடைசியில் படம் வரையவேண்டும். ரேமில் இருக்கும் ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி போதும். சுழலும் வன்தட்டில் இருப்பதை எடுக்கவேண்டுமானால் அதன் முள் உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். அதற்கு 10 மில்லிநொடி ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு 10 மில்லிநொடி தெரியவே தெரியாது. கேமில் ஒரே ஒருமுறை தட்டுக்குப் போய்வந்தால் ஒரு படத்துக்கான நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நான்கைந்து முறை போனால் கை உணர்ந்துவிடும். கண்ணுக்கு முன்பே கைக்குத்தான் அது தெரிகிறது.

இந்த இரண்டு வேகங்களையும் ஒன்றுபோலக் காட்டுகிற தந்திரத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில், டாம் கில்பர்னும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் செய்தார்கள். அட்லஸில் வேகமான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்கள்தான். மெதுவான உருளையில் 98,304 சொற்கள். அதுவரை எதை எப்போது உருளையிலிருந்து எடுத்துவருவது, எதைத் திருப்பி வைப்பது என்பதெல்லாம் நிரல் எழுதுகிறவரின் தலைவலி. அட்லஸ் இரண்டையும் சேர்த்து ஒரே நினைவகம் என்று நிரலுக்குச் சொன்னது. 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக எல்லாவற்றையும் நறுக்கிக்கொண்டது. நிரல் கேட்கும் பக்கம் கையில் இல்லையென்றால், நிரலை அப்படியே நிறுத்திவைத்து, உருளையிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து, மறுபடி ஓடவிடும். தான் நிறுத்தப்பட்டதே நிரலுக்குத் தெரியாது. இன்று நாம் மெய்நிகர் நினைவகம் என்று சொல்வதன் பிறப்பு அது.

ஒரு பக்கம் உள்ளே வரவேண்டுமானால் ஒரு பக்கம் வெளியேறவேண்டும். எது? இந்தக் கேள்விக்கு ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த லாஸ்லோ பேலாடி 1966இல் ஒரு விடை எழுதினார். இனிமேல் எந்தப் பக்கம் தேவைப்பட மிக அதிகக் காலம் ஆகுமோ, அதை வெளியேற்று. இதைவிட மேலான முறை கிடையாது. இதைச் செய்யவும் முடியாது, ஏனென்றால் எதிர்காலம் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே பேலாடியின் முறை அளவுகோலாக மட்டும் நின்றுவிட்டது. நடைமுறையில் இயங்குதளங்கள் பின்னால் திரும்பிப் பார்க்கின்றன. நெடுநேரமாகத் தொடாத பக்கத்தை இனியும் தொடமாட்டார்கள் என்று ஊகிக்கின்றன. பெரும்பாலும் பலிக்கும். மனிதர்கள் பழக்கத்துக்கு அடிமைகள், நிரல்கள் அதைவிட.

கேமில் அந்த ஊகம் தோற்கும் இடம் தெளிவானது. ஒருவர் ஒரே அறையில் அரைமணி நேரம் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவை உதைத்துத் திறக்கிறார். அந்தக் கணத்தில் அவருடைய அரைமணி நேரக் கடந்தகாலம் எதற்கும் உதவாது. தேவைப்படுவது எல்லாமே இதுவரை யாரும் தொடாதது.

இங்கேதான் கேம் செய்கிறவர்களிடம் இயங்குதளத்திடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. அவர்கள் எதிர்காலத்தை ஊகிக்கத் தேவையில்லை. அதைக் கட்டலாம். ஒரே ஒரு வாசல் வைத்த தாழ்வாரம் கட்டிவிட்டால், அதில் நுழைந்தவர் அடுத்து எங்கே போவார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

இதை எல்லை வரை கொண்டுபோன ஆட்டம் 1996இன் கிராஷ் பேண்டிகூட். முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 எம்பி. கிராஷின் ஒவ்வொரு கட்டமும் அதைவிடப் பெரியது. அந்தப் பெட்டியின் செயலியில் மெய்நிகர் நினைவகத்துக்கான வன்பொருளே இல்லை. நாட்டி டாக் குழுவின் ஆண்டி கேவின் அதைக் கையாலேயே எழுதினார். கட்டம் முழுவதும் 64 கேபி பக்கங்களாக நறுக்கப்பட்டு சிடியில் கிடக்கும். கிராஷ் ஓட ஓட, முன்னால் வரவேண்டிய பக்கங்கள் ஏறும், கடந்துபோனவை இறங்கும். எந்தப் பொருளை எந்தப் பக்கத்தில் அடைத்தால் ஒவ்வோர் இடத்திலும் 2 எம்பிக்குள் அடங்கும் என்று கண்டுபிடிக்க டேவ் பேகெட் தனியாக ஒரு கருவி எழுதினார். ஒரு கட்டம் சில பைட்டுகள் மிஞ்சினாலும் அடங்காது. அப்போது எங்காவது சுரண்டவேண்டும். இது எல்லாம் நடந்ததற்கு அடிப்படை, கிராஷ் ஒரு ஒற்றையடிப் பாதையில் ஓடுகிறான் என்பது. காமிரா தண்டவாளத்தில் போவதுபோல அவன் பின்னாலேயே போகிறது. பாதையின் எந்தப் புள்ளியில் நின்றால் எது கண்ணில் படும் என்று விலையுயர்ந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த விடையையும் சிடியில் எழுதிவிட்டார்கள். பேலாடி கேட்ட தீர்க்கதரிசனம் வட்டில் அச்சாகி, கடைகளில் விற்பனைக்கு வந்தது.

அதைப் பற்றி அவர்கள் பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. முன்னே பின்னே ஓடும்போதெல்லாம் சிடி படிக்கப்படுகிறது என்று கேட்டறிந்த சோனிக்காரர் ஒருவர், ஒருவர் ஆட்டத்தை முடிப்பதற்குள் எத்தனை முறை படிக்கவேண்டியிருக்கும் என்று விசாரித்தாராம். கேவின் பெருமையோடு, சுமார் 1,20,000 இருக்கும் என்றார். எதிரே இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த சிடி டிரைவ் 70,000 முறைக்குத்தான் உத்தரவாதம் தரப்பட்டது என்று முணுமுணுத்தார். ஆட்டம் எப்படியோ வெளிவந்தது, லட்சக்கணக்கில் விற்றது, பெட்டிகளும் பிழைத்துக்கொண்டன.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1993இல், டூம் வேறொரு வழியில் போயிருந்தது. 4 எம்பி ரேம் உள்ள கணினியில், டாஸ் மேல், தனக்கு வேண்டிய நினைவகத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு தானே பங்கிட்டுக்கொண்டது. அதன் மூலநிரலை 1997இல் பொதுவில் வைத்துவிட்டார்கள். இன்றும் யாரும் படிக்கலாம். அதில் நினைவகத்தின் ஒவ்வொரு துண்டும் பிறக்கும்போதே அதன் ஆயுள் எழுதப்படுகிறது. ஆட்டம் முடியும்வரை இருக்கவேண்டியது என்று சில. இந்தக் கட்டம் முடிந்ததும் போகவேண்டியது என்று சில. மூன்றாவது வகைக்கு உத்தரவாதமே கிடையாது: இடம் நெருக்கடியானால் எந்த நேரமும் தூக்கி எறியலாம். சுவர்ப் பரப்புகளும் அரக்கர்களின் உருவங்களும் அந்த மூன்றாவது வகை. ஒரு சுவரை வரைந்து முடித்ததும் அது தேவையற்றதாகிவிடுகிறது. மறுபடி பார்த்தால் மறுபடி வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கொடூரமான ஏற்பாடுதான், ஆனால் ஜான் கார்மேக்கின் அந்த நிரலைப் படிக்கும்போது அதன் நேர்மை பிடித்துப்போகிறது. யாரையும் ஏமாற்றி வைத்திருக்கவில்லை.

எதையுமே நினைவில் வைக்காத ஆட்டங்களும் இருந்தன. அட்டாரி 2600இல் மொத்த ரேம் 128 பைட். திருக்குறளின் முதல் குறளை இன்றைய யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் 123 பைட் ஆகிறது. அதோடு அந்தப் பெட்டி நிரம்பிவிடும், உரை எழுத இடமிருக்காது. அதில்தான் டேவிட் கிரேன் 1982இல் பிட்ஃபால் ஆட்டத்தின் 255 காட்சிகளை வைத்தார். வைக்கவில்லை என்பதுதான் சரி. ஒரே ஒரு பைட்டை ஒரு விதிப்படி புரட்டினால் அடுத்த காட்சிக்கான எண் வரும். விதியைத் தலைகீழாக்கினால் முந்தைய காட்சி வரும். காடு எங்கும் சேமிக்கப்படவில்லை. போகிற இடத்தில் முளைக்கிறது, வந்த வழியில் அழிகிறது, திரும்பினால் அதே மரத்தோடு மீண்டும் முளைக்கிறது. 1984இல் பிரேபனும் பெல்லும் 32 கேபி கணினியில் எலீட் ஆட்டத்தின் 8 விண்மீன் மண்டலங்களையும் 2,048 உலகங்களையும் இப்படித்தான் உண்டாக்கினார்கள். அந்த விதியை வைத்து 281 லட்சம் கோடி மண்டலங்களைக் கொடுத்திருக்கலாம். அவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பதிப்பாளர் தடுத்துவிட்டார். நல்ல பதிப்பாளர்.

தாழ்வாரம் கட்டி எதிர்காலத்தை அடைக்கும் வித்தை, ஊர் முழுவதையும் திறந்துவிடும் ஆட்டங்கள் வந்தபோது ஆட்டம் கண்டது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 (2001) ஆடுகிறவர் ஒரு காரைப் பறித்துக்கொண்டு எந்தத் தெருவில் வேண்டுமானாலும் திரும்பலாம். பிளேஸ்டேஷன் 2இல் 32 எம்பி முதன்மை நினைவகம். நகரமோ அதில் அடங்காது. சுற்றியுள்ள சில தெருக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை டிவிடியிலிருந்து எடுத்தபடியே இருக்கவேண்டும். ஆகவே காரின் வேகம் என்பது டிவிடி படிக்கும் வேகத்தோடு போடும் பந்தயம். வட்டு பின்தங்கிய இடங்களில் கார் வேகமாக ஓடாதபடி சாலைகளின் அமைப்பை மாற்றியதாகவும் காற்றின் இழுவையைக் கொஞ்சம் கூட்டியதாகவும் அப்போதைய தொழில்நுட்பத் தலைவர் ஓபே வெர்மெய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வரிசை ஆட்டங்களில் இன்னொரு வேடிக்கை எல்லோருக்கும் தெரியும். அபூர்வமான ஒரு காரை அரும்பாடுபட்டுத் தேடிப் பறித்தால், அடுத்த நிமிடமே தெருவில் எங்கு பார்த்தாலும் அதே கார். காரணம் எளியது. ஒரு நேரத்தில் சில கார்களின் உருவங்களுக்குத்தான் நினைவகத்தில் இடம் உண்டு. நாம் ஓட்டுவது எப்படியும் ஏறியாகிவிட்டது. போக்குவரத்துக்கும் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. நமக்குக் கிடைத்ததும் அது அபூர்வமாக இல்லாமல் போகிறது.

கன்சோல்களில் ஒரு கண்டிப்பு இருந்தது. நினைவகம் இவ்வளவுதான், தீர்ந்தால் கடன் வாங்க இடமில்லை, ஆட்டம் விழுந்துவிடும். அதனால் அங்கே வளர்ந்த நிரலாளர்கள் விசித்திரமான பழக்கங்களைக் கற்றார்கள். தொழில் வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்றில், வெளியீடு நெருங்கும்போது ஆட்டம் ஒன்றரை எம்பி மிஞ்சி நிற்கிறது. எல்லோரும் வாரக்கணக்கில் எதை எதையோ வெட்டியும் அடங்கவில்லை. மூத்த நிரலாளர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு வரியை அழிக்கிறார். திட்டம் தொடங்கிய நாளிலேயே எதற்கும் பயன்படாத 2 எம்பியை அவர் ஒதுக்கி ஒளித்துவைத்திருந்திருக்கிறார், இந்த நாள் வரும் என்று தெரிந்து. மோரோவிண்ட் இன்னும் துணிச்சலானது. 64 எம்பி கொண்ட முதல் எக்ஸ்பாக்ஸில், நினைவகம் கந்தலாகிவிட்டது என்று தோன்றினால், காத்திருக்கும் திரையைக் காட்டிக்கொண்டே பின்னணியில் பெட்டியையே அணைத்து மறுபடி கிளப்பிவிடுமாம். பெதெஸ்டாவின் டாட் ஹோவர்ட் இதைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார். காத்திருப்பு இன்று கொஞ்சம் அதிகம் போல என்று மட்டும் ஆடுகிறவர் நினைத்திருப்பார்.

கணினியில் கதை வேறு. அங்கே கடன் கிடைக்கும். 2000களில் தமிழகத்து பிரவுசிங் சென்டர்களில் வைஸ் சிட்டி ஆடிய தலைமுறைக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். மை கம்ப்யூட்டரை வலது சொடுக்கு சொடுக்கி, உள்ளே உள்ளே போய், ‘வர்ச்சுவல் மெமரி’ என்ற பெட்டியில் ரேமைப் போல ஒன்றரை மடங்கு எண்ணை நிரப்பவேண்டும். ரிச்சி தெருவுக்குப் போய் 256 எம்பி ரேம் வாங்கக் காசில்லாதவர்களின் ரேம் அது. அதனால் ஆட்டம் வேகமானதா என்றால் இல்லை. உயிர்தான் கெட்டியானது. ரேமில் அடங்காத பக்கங்கள் வன்தட்டின் பேஜ் ஃபைலுக்குப் போய்வந்தன. போய்வருவது மிதமிஞ்சினால், கணினி வேறெந்த வேலையும் செய்யாமல் பக்கம் மாற்றுவதையே வேலையாகச் செய்யும். பீட்டர் டென்னிங் 1968இலேயே இந்த நோயை விவரித்துவிட்டார். சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், வன்தட்டு உள்ளே கறமுற என்று அரைக்கும், திரையில் கார் பாதி திருப்பத்தில் நிற்கும்.

பிறகு ரேம் மலிவானது. பேஜ் ஃபைலே வேண்டாம் என்று அணைத்துவிடும் எதிர்க் கைவைத்தியம் வந்தது. இதுவும் பாதிதான் சரி. விண்டோஸ், ஒரு நிரலுக்கு நினைவகம் தருவதாக வாக்களித்தால் அந்த வாக்குக்கு ரேமிலோ பேஜ் ஃபைலிலோ பின்பலம் வைத்துக்கொள்ளும். கேம்கள் எதற்கும் இருக்கட்டும் என்று நிறையக் கேட்டுவைக்கும். கேட்டதில் பெரும்பகுதியைத் தொடவே செய்யாது. பேஜ் ஃபைல் இருந்தால், அந்தத் தொடாத பகுதிக்கான வாக்கை அதன் பேரில் கொடுத்துவிடலாம். ஒரு பைட்கூட அதில் எழுதவேண்டியிருக்காது. அணைத்துவிட்டால் அந்த வாக்குக்கும் உண்மையான ரேமே ஈடாக நிற்கவேண்டும். ரேம் பாதி காலியாக இருக்கும்போதே நினைவகம் போதவில்லை என்று ஆட்டம் செத்துவிழுவது இதனால்தான்.

அதைவிட வினோதமான சாவு 2007இல் வந்தது. கிறிஸ் டெய்லர் குழுவின் சுப்ரீம் கமாண்டர், 81 கிலோமீட்டர் அகலப் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான இயந்திரங்களை மோதவிடும் ஆட்டம். நெடுநேரம் ஆடினால் விழுந்துவிடும். 4 ஜிபி ரேம் வைத்திருந்தாலும் விழும். பேஜ் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் விழும். தீர்ந்துபோனது நினைவகமே அல்ல. 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் முகவரிகள் 2 ஜிபி அளவுக்குத்தான். மீதி 2 ஜிபியை இயங்குதளம் தனக்கென்று வைத்துக்கொண்டது. ரேம் குச்சியை எத்தனை செருகினாலும் முகவரிகள் கூடாது. அந்த 2 ஜிபியிலும் கிராஃபிக்ஸ் சங்கதிகள் ஒரு பங்கைத் தின்றன. அந்த ஆண்டு வந்த விஸ்டாவில் இன்னும் கூடுதலாகத் தின்ன, மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. மீதி இருந்ததும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. பேருந்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு இருக்கை காலியாக இருக்கும், குழந்தை குட்டிகளோடு ஏறிய குடும்பம் சேர்ந்து உட்கார இடமிருக்காது; அப்படி. கணினிக்குள் இடம் இருந்தது, அதைச் சுட்டுவதற்கு எண் இல்லை. எண்கள் தீர்ந்து ஓர் உலகம் முடிவது எந்தப் புராணத்திலும் இல்லாத பிரளயம்.

ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தபோதும் அதே 2 ஜிபி சுவர். ஆனால் நிரல் கோப்பின் முகப்பில் ஒரே ஒரு பிட் இருக்கிறது: ‘பெரிய முகவரிகளையும் நான் கையாள்வேன்’ என்று சொல்வது. அதை 1 ஆக்கினால் 64 பிட் விண்டோஸ் முழு 4 ஜிபியையும் கொடுத்துவிடும். நிறுவனம் அதைச் செய்யும்வரை காத்திராமல் ஆடுகிறவர்களே கருவி எழுதி அந்தப் பிட்டைத் திருப்பிக்கொண்டார்கள். சில வாரங்களில் அதிகாரபூர்வத் திருத்தமும் வந்தது.

அந்த ஆட்டத்தின் பிளேஸ்டேஷன் 3 பதிப்பு மறுமுனையின் நோயைக் காட்டியது. தாழ்வார ஆட்டங்கள் கடந்துபோனதை மறந்துவிடும். ஸ்கைரிம் மறக்காது. மேசையிலிருந்து நாம் தட்டிவிட்ட கிண்ணம் எங்கே உருண்டது, எந்தக் குகையில் யார் உடல் கிடக்கிறது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று குறித்துக்கொண்டே போகும். அந்தப் பெட்டியின் 512 எம்பி இரண்டு 256ஆகப் பிரிந்திருந்தது. மணிக்கணக்கில் ஆடி, சேமித்த கோப்பு பெருக்கப் பெருக்க, ஆட்டம் தள்ளாடத் தொடங்குவதாக ஆடியவர்கள் புலம்பினார்கள். அதிகம் வாழ்ந்தவருக்குத்தான் அதிகத் தள்ளாட்டம். இத்தனைக்கும் அதில் பெரும்பாலான கிண்ணங்களை யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கப்போவதில்லை.

அதே 2011இல் கார்மேக் தன் ரேஜ் ஆட்டத்தில் மெய்நிகர் நினைவகம் என்ற யோசனையையே வண்ணப்பூச்சுக்குக் கொண்டுவந்தார். நிலப்பரப்பு முழுவதற்கும் 1,28,000க்கு 1,28,000 புள்ளிகள் கொண்ட ஒரே சித்திரம். கண்ணில் படும் பக்கங்கள் மட்டும் உள்ளே வரும். ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் ஒரே முகம் இருக்கவேண்டியதில்லை. விலை என்னவென்றால், சட்டென்று திரும்பிப் பார்த்தால் உலகம் முதலில் மங்கலாக இருந்து, ஓரிரு கணத்தில் தெளியும். நடையைத் தாழ்வாரம் கட்டி அடக்கலாம். தலை திருப்புவதை எப்படி அடக்குவது? ரேஜ் அழகான தோல்வி என்றே நான் நினைக்கிறேன். திரும்பிப் பார்ப்பவரை இயந்திரம் எதிர்பார்க்கவில்லை என்பதை அது வெட்கமில்லாமல் காட்டியது.

முகவரிப் பஞ்சம் 64 பிட்டோடு தீர்ந்தது. முள்ளும் சுழலும் தட்டும் எஸ்எஸ்டியோடு போயின. 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5 பற்றி மார்க் செர்னி ஆற்றிய உரை, பெயருக்குத்தான் புதிய பெட்டியின் அறிமுகம். உண்மையில் அது வன்தட்டுக்கு வாசித்த இரங்கல் உரை. 2018இன் ஸ்பைடர்மேன் ஆட்டத்தில் மன்ஹாட்டன் தெருக்களின் தபால்பெட்டி போன்ற சாமான்கள் வன்தட்டில் 400 பிரதிகள் வரை எழுதப்பட்டிருந்தன என்றார். ஒரே தபால்பெட்டிதான். ஆனால் முள் அதைத் தேடி வேறெங்கும் நகரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு தெருத் துண்டோடும் ஒரு பிரதி. வளைந்து நெளிந்த பாதைகளை எதற்குக் கட்டினோம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. புதிய பெட்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். முன்பு அடுத்த அரைநிமிடத்துக்கு வேண்டியதையெல்லாம் ரேமில் அடைத்து வைக்கவேண்டியிருந்தது. இனி அடுத்த ஒரு நொடிக்கு வேண்டியது போதும். பேலாடியின் தீர்க்கதரிசி நெடுந்தூரம் பார்க்கவேண்டியதில்லை. மூக்குக்கு நேரே பார்த்தால் போதும். ஆனாலும் பாறை இடுக்குகள் புதிய ஆட்டங்களிலும் வருகின்றன. இருபது ஆண்டுப் பழக்கத்தில், அந்த இடத்தில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டால்தான் கதை என்று வடிவமைப்பாளர்களுக்கே ஆகிவிட்டது போலும்.

எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் தீர்க்கமுடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. சித்திரத்தைச் சட்டென்று கொண்டுவரலாம். யாரும் பார்க்காத இடத்தில் நடந்திருக்கவேண்டியதைக் கொண்டுவர முடியாது. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகளுக்கு இது பாலபாடம். அந்த உலகம் 16க்கு 16 கட்டங்கள் கொண்ட துண்டுகளால் ஆனது. நாம் தொலைவாகப் போய்விட்டால் பின்னால் உள்ள துண்டு வட்டில் எழுதப்பட்டு ரேமிலிருந்து நீக்கப்படுகிறது. நீக்கப்பட்ட துண்டில் காலம் நகர்வதில்லை. கோதுமை விதைத்துவிட்டு நெடும்பயணம் போய்த் திரும்பினால் பயிர் அதே உயரத்தில் நிற்கும். உலை அணையவில்லை, இரும்பும் உருகவில்லை. மாடு வைத்த அடியிலேயே நிற்கிறது. நாம் போன நாட்கள் அங்கே நடக்கவே இல்லை.

பெரியவர்கள் இதை ஒரு குறை என்று எழுதிக்கொண்டிருக்கையில் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டத்தில் நெதர் என்ற பாதாளத்துக்குப் போகும் வாசல்கள் உண்டு. வாசல் வழியாக ஏதேனும் ஒரு பொருள் விழுந்தால், அது போய்ச் சேரும் பக்கத்துத் துண்டுகளை இயந்திரம் 15 நொடிக்கு ரேமில் ஏற்றிவைக்கும். ஆகவே பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வாசலைக் கட்டி, அதன் வழியாக ஒரு முட்டையையோ கூழாங்கல்லையோ அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும்படி ரெட்ஸ்டோன் சுற்று ஒன்றை அமைத்துவிடுகிறார்கள். ஆடுகிறவர் பல்லாயிரம் கட்டங்களுக்கு அப்பால் வேறெங்கோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருப்பார். இங்கே 15 நொடி முடியுமுன் அடுத்த கல் வாசலுக்குள் விழும், துண்டு இறங்காது, உலை எரியும், இரும்பு உருகும். சுற்றில் எங்காவது ஒரு கல் சிக்கிக்கொண்டால் மட்டும் எல்லாம் நின்றுவிடும், அதற்காக இரண்டு சுற்று போட்டு வைக்கிறவர்களும் உண்டு.